அனுசரித்துப் போவதாம்!

நம் நாட்டில் அரிசிக்குப் பஞ்சம் வந்ததுண்டு. மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு. உபதேசத்துக்கு மட்டும் ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. அது எல்லாக் காலத்திலும் தாராளமாக, இலவசமாகக் கிடைத்து வந்திருக்கிறது. அந்த உபதேசங்களிலெல்லாம் மிக மலிவானது எது என்று என்னைக் கேட்டால், 'கொஞ்சம் அனுசரித்துப் போங்கள்' என்பதுதான் என்று சொல்லுவேன்.

சொல்லுகிறவருக்கு இதில் ஒரு காசு செலவில்லை. முழுச் செலவும் கேட்கிறவருடையது. கவனித்துப் பாருங்கள்: இந்த வார்த்தை எப்போதும் மேலேயிருந்து கீழே வருகிறது. முதலாளி தொழிலாளியிடம் சொல்லுவார். மாமியார் மருமகளிடம் சொல்லுவாள். வீட்டுக்காரர் குடித்தனக்காரரிடம் சொல்லுவார். கீழேயிருந்து மேலே போகும்போது இதே வார்த்தைக்குப் பெயர் மாறிவிடுகிறது. அப்போது அது உபதேசம் அல்ல, கெஞ்சல்.

கொரோனா காலத்தில் இந்த உபதேசத்தை மிக அதிகமாகக் கேட்க நேர்ந்தவர்கள் ஒரு சாரார் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. பசியோடு நெடுஞ்சாலையில் நடந்த தொழிலாளிகளைப் போல அவர்கள் கண்ணில் படவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிராணவாயுவுக்குக் காத்துக் கிடந்தவர்களைப் போலக் கதறவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். வேளைக்குச் சோறு இருந்தது, பென்ஷன் இருந்தது. 'உனக்கென்ன குறைச்சல்?' என்று உலகம் கேட்டது. அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்ல முடியாமற்போன பதிலைத்தான் நான் இங்கே சொல்லப் போகிறேன்.

2020-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி, பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்திலிருந்து சுமார் 78,500 பேர் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். நிறுவனத்தின் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதி. ஐம்பது வயது நிரம்பியவர்கள் 'விருப்ப ஓய்வு' பெறலாம் என்று 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. உழைத்து முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 35 நாள் சம்பளம், மிச்சமிருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 25 நாள் சம்பளம் என்று ஒரு கணக்கு. நவம்பர் 4-ஆம் தேதி தொடங்கி டிசம்பர் 3-ஆம் தேதிக்குள், அதாவது முப்பதே நாளில், முப்பது வருஷத்து உத்தியோகத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

விருப்பம் என்று எதைச் சொல்லுகிறோம்? அந்த நிறுவனத்தில் 2019 பிப்ரவரி மாதச் சம்பளம் குறித்த நாளில் வரவில்லை. அடுத்த மாதத்தின் நடுவில்தான் வந்தது. 'கப்பலில் ஓட்டை விழுந்துவிட்டது. இஷ்டப்பட்டவர்கள் குதிக்கலாம்' என்று அறிவித்துவிட்டு, குதித்தவன் பெயருக்கு நேரே 'சொந்த விருப்பம்' என்று பேரேட்டில் எழுதிக்கொள்வது எந்த ஊர் நியாயம்? சந்தோஷமாகவே குதித்தவர்களும் உண்டு. கடன் அடைந்தது என்று நிம்மதியாக மூச்சு விட்டவர்களும் உண்டு. அவர்கள் சந்தோஷத்தில் நான் மண்ணைப் போடவில்லை. ஆனால் 'விருப்பம்' என்கிற நல்ல தமிழ்ச் சொல்லை இப்படி அவமானப்படுத்த வேண்டாம் என்று சொல்ல ஓர் எழுத்தாளனுக்கு உரிமை உண்டு அல்லவா?

வயதைப் பற்றிய வேடிக்கையையும் பார்த்துவிடுவோம். ஐம்பது வயதானவர்களை மத்திய அரசின் நிறுவனம் ஒன்று வீட்டுக்கு அனுப்பிய அதே 2020-ஆம் ஆண்டில், மே 7-ஆம் தேதி, தமிழக அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59-ஆக உயர்த்தியது. 2021 பிப்ரவரியில் அதை 60 ஆக்கியது. ஒரே தெருவில், ஒரே சுவரை இரு பக்கமும் பகிர்ந்துகொண்டு இரண்டு பேர் குடியிருந்திருப்பார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரரிடம், 'உமக்கு வயதாகிவிட்டது, போய் ஓய்வெடும்' என்றார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரரிடம், 'உமக்கென்ன வயதாகிவிட்டது? இன்னும் உழையும்' என்றார்கள். இருவருடைய உடம்பையும் எந்த வைத்தியரும் தொட்டுப் பார்க்கவில்லை. கஜானா சொன்னால் கிழவன். கஜானா சொன்னால் குமரன்!

இது புதிதல்ல. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ஆம் ஆண்டு முதியோர் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தபோது வயது எழுபது என்று வைத்தார்கள். 1916-இல் அது அறுபத்தைந்து ஆயிற்று. எழுபதும் அறுபத்தைந்தும் ஐம்பதும் ஆபீஸ் கணக்குகளே அன்றி, மனிதனின் ஆயுள் ரகசியங்கள் அல்ல. உழவனுக்கு ஓய்வு வயது கிடையாது, குயவனுக்குக் கிடையாது, அடுப்படியில் நிற்கிற பெண்ணுக்குக் கிடையவே கிடையாது. ஆகவே, 'ஓய்வு பெற்றவன்' என்று ஒரு பிராணி இயற்கையில் இல்லை. காகிதத்தில் நாம் உண்டாக்கியிருக்கிறோம். உண்டாக்கியவர்கள்தாம் அவனுக்கு ஓர் இடமும் உண்டாக்கித் தர வேண்டும். தந்தோமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த 78,500 பேரில் ஒருவர். டெலிபோன் மெக்கானிக். சென்னையில் மழைத் தண்ணீர் நிற்கிற பள்ளங்களில் இறங்கி, நூற்றுக்கணக்கான செப்புக் கம்பி ஜோடிகளை நிறம் பார்த்து நிறம் பார்த்து இணைத்தவர். பிள்ளை வெளிநாட்டில். சென்னை வாடகை கட்டுப்படியாகாது. காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரைத் தேர்ந்தெடுத்து, பிப்ரவரி முதல் வாரத்தில் மனைவியோடு அங்கே குடி போனார். 'ஆறு இருக்கிறது, கோயில் இருக்கிறது, நல்ல காற்று இருக்கிறது. இனி வேறென்ன வேண்டும்?' என்று வழியனுப்பியவர்கள் சொன்னார்கள். கதைகளிலும் சினிமாக்களிலும் ஒரு தலைமுறையாக நாம் பார்த்து வருகிற ஊர் அது. அங்கே படித்துறை இருக்கும்; வெற்றிலைப் பெட்டியோடு நாலு பெரியவர்கள் இருப்பார்கள்; புதிதாக வந்தவரைப் பார்த்து, 'வாங்க, எந்த ஊரு?' என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்வியை ஊர் அவரிடம் கேட்டது. ஆனால் கேட்ட தொனிதான் வேறாக இருந்தது.

மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி ஊரடங்கை அறிவித்தார். இவர் ஓய்வு பெற்று அன்றைக்கு ஐம்பத்து மூன்றாம் நாள். டீக்கடை மூடியது, கோயில் நடை சாத்தியது, நூலகத்தில் பூட்டுத் தொங்கியது. ஒரு புது மனிதன் ஓர் ஊரில் நுழைவதற்கு என்னென்ன வாசல்கள் உண்டோ அத்தனையும் ஒரே இரவில் அடைபட்டன. மே மாதம் கோயம்பேடு மார்க்கெட்டிலிருந்து நோய் பல மாவட்டங்களுக்குப் பரவியதும், அவருக்கு ஊரில் ஒரு பெயர் கிடைத்தது: 'மெட்ராஸ்காரர்.' பால் ஊற்றுகிறவர் தெருமுனையில் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார். மளிகைக் கடையில் அவர் போய் நின்றால் வரிசை தானாகவே விலகியது. பதினான்கு நாளில் தெரிந்துவிடும் என்று டாக்டர்கள் சொன்ன கிருமி, ஊர்க்காரர் கணக்கில் பதினான்கு வாரமாகியும் அவரை விட்டுப் போகவில்லை!

'நோய் பொய்யா? பயம் தவறா?' என்று கேட்பீர்கள். நோய் பொய்யல்ல. தமிழ்நாட்டில் மட்டும் அரசுக் கணக்கின்படியே 38,000-க்கு மேற்பட்டவர்களை அது கொண்டுபோயிற்று. முகக்கவசம் அணியச் சொன்னது சரி. விலகி நிற்கச் சொன்னது சரி. கூட்டம் கூடாதே என்றது சரி. அவற்றை எதிர்த்து ஒரு வார்த்தையும் நான் எழுத மாட்டேன். நான் எதிர்ப்பது வேறொன்றை. உடம்புகளுக்கு நடுவே இரண்டு கஜ தூரம் வேண்டும் என்றார்கள். நாம் மனிதர்களுக்கு நடுவே இரண்டு காத தூரம் வைத்தோம். அதற்குச் 'சமூக இடைவெளி' என்று பெயரும் வைத்தோம். அந்தச் சொல் பொருத்தமல்ல, 'உடல் இடைவெளி' என்பதே பொருத்தம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. நமக்கோ பழைய சொல்தான் இனித்தது. ஏன் இனிக்காது? சமூக இடைவெளி என்பது நமக்குப் புதிய வித்தையா? தனிக் குவளையும் தனித் தெருவும் தனிச் சுடுகாடும் வைத்து நூற்றாண்டுக்கணக்கில் பழகிய வித்தை அல்லவா? கிருமி என்று ஒரு விஞ்ஞானக் காரணம் கிடைத்ததும், அடுக்களையில் ஒளித்து வைத்திருந்த தீட்டை எடுத்து நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டோம். 2020 ஏப்ரலில் சென்னையிலேயே, இந்த நோயினால் இறந்த ஒரு டாக்டரின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்துத் துரத்தியது. வைத்தியம் பார்த்தவருக்கே ஆறடி மண் இல்லை என்றால், டெலிபோன் மெக்கானிக்குக்கு ஒரு வார்த்தை எங்கே கிடைக்கும்?

ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு குறித்த நாளில் திறந்த அணை. காவிரியில் தண்ணீர் வந்தது. எத்தனையோ மாவட்டங்களைத் தாண்டி வந்த அந்தத் தண்ணீரிடம் யாரும் ஈ-பாஸ் கேட்கவில்லை. 'நீ எந்த ஊரு?' என்று விசாரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டு வரவேற்றார்கள். அதே ஆற்றின் கரையில் குடி வந்த மனுஷன் மட்டும் அந்நியன். மாவட்டம் விட்டு மாவட்டம் போக அரசாங்கம் கேட்ட ஈ-பாஸ் செப்டம்பர் 1-ஆம் தேதியோடு ரத்தாயிற்று. ஊர் கேட்கிற ஈ-பாஸ் எப்போது ரத்தாகும் என்று எந்த கெஜட்டிலும் வரவில்லை.

இங்கேதான் உபதேசிகள் வரிசையில் வந்து நிற்கிறார்கள். 'மாடியில் தோட்டம் போடுங்கள்' என்கிறார் ஒருவர். 'தியானம் பழகுங்கள், இதுவே வானப்பிரஸ்தம்' என்கிறார் இன்னொருவர். 'கிடைத்த நேரத்தில் புஸ்தகம் படிக்கலாமே' என்று மூன்றாமவர். புஸ்தகம் எழுதிப் பிழைக்கிறவன் நான்; படிக்க வேண்டாம் என்று சொல்லுவேனா? ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பொழுது போகவில்லை என்பது இவர்களுடைய துயரமே அல்ல. பொழுது எப்படியும் போய்விடும். அதைத் தள்ளிவிட யாரும் வேண்டாம். தான் ஒருவருக்கும் தேவைப்படவில்லை என்பதுதான் துயரம். முப்பது வருஷம், 'இன்னும் வரலையா? லைன் செத்துப் போச்சே' என்று நாலு பேர் காத்திருந்த மனிதன் அவர். அந்தக் கோபக் குரல்களில்கூட அவருக்கு ஓர் இடம் இருந்தது. ஓர் ஊரில் உனக்கு இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு சோதனைதான் உண்டு: 'நேற்று ஏன் வரவில்லை?' என்று உன்னைக் கேட்க அங்கே ஓர் ஆள் இருக்கிறாரா? ஆறும் கோயிலும் நல்ல காற்றும் அந்தக் கேள்வியைக் கேட்காது. ரோஜாச் செடியும் கேட்காது.

இன்னொரு கொடுமையையும் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் தேசம் முழுவதும் தொலைபேசியிலும் இணையத்திலும்தான் குடியிருந்தது. பள்ளிக்கூடம் அதில் நடந்தது. ஆபீஸ் அதில் நடந்தது. கல்யாணமும் கருமாதியும் அதில் பார்த்தார்கள். கம்பி இழுத்த கைகள் 78,500 ஜோடி, அந்த நேரம் பார்த்து மடியில் கிடந்தன. எத்தனை வீடுகளில் லைன் வேலை செய்யவில்லை, எத்தனை குழந்தைகள் மரத்தில் ஏறி சிக்னல் தேடின! 'ஐயா, உங்களுக்கு இந்த வேலை தெரியுமாமே, கொஞ்சம் வந்து பாருங்கள்' என்று ஊரில் ஒருவர் கதவைத் தட்டியிருந்தால், அந்த மனிதர் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பார். ஒருவரும் தட்டவில்லை. அவருக்கு என்ன தெரியும் என்று ஊருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊருக்குத் தோன்றவும் இல்லை.

இத்தனையும் நான் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி ஒரு வார்த்தை சொன்னார். "இவருக்கு இப்பத்தான் புது ஊரு. எனக்கு இது நாலாவது ஊரு. என்னை அப்போ யாரு கேட்டா?"

வாசக நண்பர்களே, இந்தக் கேள்வியைத் தாண்டி மேலே போக எனக்குத் துணிவில்லை. நின்று பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓர் ஆண் ஐம்பது வயதில் படுகிற இந்தப் பாடு, நம் நாட்டுப் பெண் இருபது வயதில் பட்டதுதான். பழகிய தெரு போயிற்று. கற்ற வேலை போயிற்று. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் போனார்கள். புது ஊரில், புது வீட்டில், 'இவள் எப்படிப்பட்டவளோ' என்று பார்க்கிற கண்களுக்கு நடுவே போய் நின்றாள். அதற்கு நாம் மேளம் கொட்டினோம். அவளுக்கும் இதே உபதேசம்தான் செய்தோம்: 'அனுசரித்துப் போம்மா.' போதாதற்கு, ஊரடங்கு வந்து கணவன் முழு நாளும் வீட்டிலேயே உட்கார்ந்ததும், எல்லோரும் வெளியே போன பின் மத்தியானத்தில் அவளுக்கென்று இருந்த ஒரு மணி நேரமும் பறிபோயிற்று. மூன்று வேளை காபி, ஐந்து வேளை ஆயிற்று. அவளுக்கு எந்த நிறுவனமும் முடித்த ஆண்டுக்கு 35 நாள் என்று கணக்குப் போடவில்லை.

இதைச் சொல்லி, 'பெண்கள் அனுசரித்தார்களே, ஆண்களும் அனுசரிக்கட்டுமே' என்று முடித்துவிட நினைப்பவர்கள் இருக்கலாம். நான் அதற்கு நேர்மாறாகச் சொல்லுகிறேன். அவள் அனுசரித்ததே அநியாயம். அநியாயத்தை ஒருத்தி சகித்துக்கொண்டாள் என்பது, இன்னொருவர் மேல் அதைச் சுமத்துவதற்கு அத்தாட்சிப் பத்திரம் ஆகாது. அவள் அனுசரித்தது போதும், இவர் அனுசரித்ததும் போதும். இனி ஊர் கொஞ்சம் அனுசரிக்கட்டும்.

ஊர் எப்படி அனுசரிப்பது என்கிறீர்களா? நம் பாட்டன்மாருக்கு அது தெரிந்திருந்தது. வீட்டுக்கு முன்னால் திண்ணை வைத்தார்கள். அது வீட்டுக்காரனுக்குச் சொந்தம், ஆனால் வழியில் வருகிறவனுக்கும் பாத்தியம். புதிதாக வந்தவன் யாருடைய அனுமதியும் கேட்காமல் உட்காரலாம். உட்கார்ந்தவனிடம் பேசாமல் இருப்பது மரியாதையல்ல. எதிரெதிர்த் திண்ணைகளுக்கு நடுவே ஒரு தெருவின் அகலம் இருந்தது. பிரதமர் சொன்ன இரண்டு கஜ தூரத்தைவிட அது அதிகம். காற்றோட்டமோ கேட்கவே வேண்டாம். அந்தத் திண்ணையில் உட்காரவும் எல்லோரையும் விடவில்லை என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் குற்றத்தைத் திருத்தித் திண்ணையைக் காப்பாற்றியிருக்க வேண்டும். நாமோ குற்றத்தை வைத்துக்கொண்டு திண்ணையை இடித்தோம்! அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, அதன் மேல் கண்ணாடித் துண்டு பதித்து, இரும்புக் கதவில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று எழுதி வைத்தோம்.

போன திண்ணையை வீடு வீடாகத் திரும்பக் கட்ட முடியாது. ஊருக்கு ஒன்று கட்ட முடியும். அதற்குப் பணம் எங்கே என்று கேட்காதீர்கள், கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் செய்தது சென்னை மாகாணம், 1948-இல். அதற்குப் பின்னால் நின்ற நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இதே காவிரி பாய்கிற சீர்காழிக்காரர். அந்தச் சட்டத்தின் பேரில் இன்றைக்கும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக நம்மிடம் வசூலாகிறது. ஊர் ஊராக நூலகம் இருக்கிறது. அதற்குத் திறந்த தாழ்வாரம் ஒன்று போட்டு நாலு பெஞ்சும் நாலு பத்திரிகையும் வைத்தால், எத்தனை கொள்ளைநோய் வந்தாலும் மூட வேண்டியதில்லை. அங்கே ஒரு நோட்டுப் புஸ்தகம் இருக்கட்டும். ஊருக்குப் புதிதாக வந்தவர் தம் பெயரையும், தமக்குத் தெரிந்த வேலையையும் அதில் எழுதட்டும். கம்பி இணைக்கத் தெரிந்தவர், கணக்குச் சொல்லித் தரத் தெரிந்தவர், தையல் தெரிந்த அம்மாள், மனு எழுதத் தெரிந்தவர். தேவைப்பட்ட ஊர்க்காரர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டுப் போய்க் கதவைத் தட்டட்டும். இதற்கு ஐந்தாண்டுத் திட்டம் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

ஆபீஸ்களுக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது வயதில் ஒருவனை அனுப்புவதானால், கையெழுத்து வாங்க முப்பது நாள் கொடுத்ததைப் போல, பழகிக்கொள்ள ஒரு வருஷம் கொடுங்கள். வாரத்துக்கு ஆறு நாள் வந்தவன் மூன்று நாள் வரட்டும். பிறகு ஒரு நாள் வரட்டும். அவன் கையிலிருக்கும் வித்தையைச் சின்னவர்கள் கற்றுக்கொள்ளட்டும். வண்டி மாட்டைக்கூட நுகத்தடியிலிருந்து அவிழ்த்த கையோடு அடித்துத் துரத்துவதில்லை. தண்ணீர் காட்டி, தடவிக் கொடுத்து, கொட்டிலில் கட்டுகிறோம்.

அடுத்த கொள்ளைநோய் வராது என்று யாரும் கையடித்துத் தரவில்லை. வேலை போய் வீடு திரும்புகிறவர்கள் இனி இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. நாளைக்கு உங்கள் தெருவில் ஒரு லாரி வந்து நிற்கும். கட்டிலும் பீரோவும் பழைய தையல் மிஷினும் இறங்கும். நரைத்த தலையோடு இரண்டு பேர் தெருவைப் பார்த்துத் தயங்கி நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்ல உங்களிடம் உபதேசம் எதுவும் வேண்டாம். வாசலுக்கு வந்து, அவர்கள் பெயரைக் கேளுங்கள். மறுநாள் காணவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேளுங்கள். அனுசரிப்பதை அவர்கள் இனி உங்களிடமிருந்து கற்றுக்கொள்ளட்டும்.